செம்மநத்தம் ஓடைத்தண்ணீர் ராமேசுவரம் கடலுக்குப் போகுமா? வருஷத்துக்கு 2 தடவை திசை மாறும் மன்னார் வளைகுடா நீரோட்டம்

ஏற்காடு:

ஏற்காடு மலையில் இருக்கும் செம்மநத்தம் கிராமத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இது காபியும் மிளகும் விளையும் மலைப்பகுதி. இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்சோ ரெயிலோ பிடித்து, பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும்.

ஆனால் மழைத்தண்ணீருக்கு டிக்கெட் தேவையில்லை. அது தானாகவே போய்விடுகிறது.

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அதோடு ஓயவில்லை. அதன் மிச்சம் உள்மாவட்டங்கள் வழியாக நகர்ந்து டிசம்பர் முதல் வாரத்தில் ஏற்காடு மலையைப் புரட்டி எடுத்தது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கீழே சேலத்தில் திருமணிமுத்தாறு கரைபுரண்டு ஓடியது. மலையில் இருந்து இறங்கிய தண்ணீர் எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது.

அந்தச் செம்மண் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது? மலை மேல் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "கீழே போச்சு" என்பதோடு கதை முடிந்துவிடும். உண்மையில் கதை ஆரம்பிப்பதே அங்கேதான்.

மலையில் இருந்து கடல் வரை

சேர்வராயன் மலையின் தெற்குப் பக்கத்துத் தண்ணீர் திருமணிமுத்தாறாக சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய் பரமத்திவேலூர் பக்கம் காவிரியில் கலக்கிறது. சரபங்கா நதியும் இதே மலையில் பிறந்து காவிரிக்குத்தான் போகிறது. வடக்குப் பக்கம் இறங்கும் தண்ணீர் வாணியாறு. அது தர்மபுரி மாவட்டத்தில் அணையைத் தாண்டி தென்பெண்ணையில் சேர்ந்து கடலூரில் கடலைத் தொடுகிறது. செம்மநத்தம் போன்ற மலைக்கிராமங்களின் ஓடைகள் இந்த மாதிரி ஏதாவது ஓர் ஆற்றைப் பிடித்துத்தான் கீழே இறங்கியாக வேண்டும். எப்படிப் போனாலும் முடிவு வங்கக்கடல்தான்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மலையில் கரையும் மண் அத்தனையும் கடலுக்குப் போய்விடுவதில்லை. கல்லும் பெருமணலும் வழியிலேயே தங்கிவிடும். ஏரியும் அணையும் பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மாவு மாதிரியான வண்டல், உரம், சாயம், பாலித்தீன் கவர் இதெல்லாம் வெள்ளக் காலத்தில் நிற்பதே இல்லை. காவிரியில் வெள்ளம் வந்தால் முக்கொம்பில் கொள்ளிடத்தைத் திறந்துவிடுகிறார்கள். அது நேராகப் பழையாறு பக்கம் கடலில் கொட்டுகிறது.

சரி, கடலில் விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே கிடக்குமா? கிடக்காது. கடலுக்குள்ளேயும் ஆறு ஓடுகிறது.

வண்ணியும் தெண்டியும்

சென்னைப் பக்கத்து மீனவர்களைக் கேட்டால் சட்டென்று சொல்வார்கள். வடக்கில் இருந்து தெற்கே ஓடினால் 'வண்ணி'. தெற்கில் இருந்து வடக்கே ஓடினால் 'தெண்டி'. தென்மாவட்டக் கடற்கரையில் நீரோட்டத்துக்கே 'நீவாடு' என்று பெயர். வலையை எந்தப் பக்கம் இறக்குவது, எவ்வளவு தூரம் தள்ளி இறக்குவது என்பதை எல்லாம் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். விஞ்ஞானிகள் மிதவையும் செயற்கைக்கோளும் வைத்துக் கண்டுபிடித்ததை, இவர்கள் வலைக்கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தே பல தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

உலகத்தின் பல பெரிய நீரோட்டங்கள் வருஷம் முழுக்க ஒரே பக்கம் ஓடுபவை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓடும் வளைகுடா நீரோட்டம் ஜனவரியிலும் வடக்கே போகும், ஜூலையிலும் வடக்கே போகும். நம்ம ஊர்க் கடல் அப்படி இல்லை. பருவக்காற்று திரும்பினால் கடலும் திரும்பிவிடுகிறது. இந்திய கிழக்குக் கரையில் பிப்ரவரி, மார்ச்சில் இருந்து வடக்கு நோக்கி ஓடும் நீரோட்டம், அக்டோபர் கடைசி வாக்கில் அப்படியே தலைகீழாகி, நவம்பர், டிசம்பரில் தெற்கு நோக்கி வேகமாக ஓடுகிறது.

அதாவது ஏற்காட்டில் வடகிழக்குப் பருவமழை கொட்டி, ஓடைகள் நிரம்பி, ஆறுகள் கடலில் கலக்கும் அதே மாதங்களில்தான் கடல் நீரோட்டமும் ராமேசுவரம் பக்கம் திரும்பி நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் இருந்து கோடியக்கரைக்கு சுமார் 120 கிலோ மீட்டர். நீரோட்டம் மணிக்கு ஒரு கிலோ மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 24 கிலோ மீட்டர். 5 நாளில் கோடியக்கரை. மனுஷன் நடக்கும் வேகத்தில் கால்வாசிகூட இல்லை. ஆனால் ராத்திரி பகல் நிற்காமல் நடக்கிறது.

கோடியக்கரை மூலை

கோடியக்கரையில் கடற்கரை சட்டென்று மேற்கே மடங்குகிறது. எதிரே இலங்கையின் பருத்தித்துறை. இரண்டுக்கும் நடுவே சுமார் 64 கிலோ மீட்டர்தான் இடைவெளி. இதுதான் பாக் நீரிணை. சென்னை கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்ற வெள்ளைக்காரர் பெயர். இதற்குள் நுழைந்தால் பாக் விரிகுடா.

தெற்கே வரும் நீரோட்டத்தில் பெரும்பங்கு இந்தச் சந்துக்குள் நுழைவதில்லை. காரணம் ஆழம். பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடத்தில் ஆழம் 10 மீட்டரைச் சுற்றித்தான். மூன்று மாடிக் கட்டிடம் மூழ்கும் அளவு, அவ்வளவே. ஆழ்கடல் நீரோட்டத்துக்கு அது போதாது. அதனால் அது இலங்கையின் கிழக்குக் கரையைச் சுற்றிக்கொண்டு, தெற்கே போய், மேற்கே திரும்பி, கடைசியில் லட்சத்தீவு, கேரளா பக்கம் போய்ச் சேர்கிறது. வங்கக்கடலில் கலந்த ஆற்றுத்தண்ணீர் இப்படி அரபிக்கடல் வரை போவது உப்பைச் சோதித்துப் பார்த்தே தெரிந்துவிடும். அரபிக்கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் 35, 36 கிராம் உப்பு இருக்கும். கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி என்று வரிசையாக ஆறுகள் கலக்கும் வங்கக்கடலில் மேல்தண்ணீர் பல இடங்களில் 33 கிராமுக்கும் கீழே. குளிர்காலத்தில் கேரளக் கரைக்கு அப்பால் இந்த உப்பு குறைந்த தண்ணீர் வந்து நிற்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

கரையை ஒட்டி வரும் ஒரு பங்கு மட்டும் கோடியக்கரையில் மடங்கி பாக் விரிகுடாவுக்குள் வருகிறது. ஆழம் இல்லாத, மூன்று பக்கம் நிலம் சூழ்ந்த அந்த இடத்தில் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் வண்டல் படியும். நம்ம காவிரி வண்டலும் மற்ற ஆறுகளின் வண்டலும் இங்கே படிந்து, அதன் மேல் கடல்புல் வளர்ந்து, அதை மேய கடல்பசுக்கள் வருகின்றன. இந்தியாவிலேயே முதல் கடல்பசு பாதுகாப்பகத்தை 2022-ல் தமிழக அரசு இந்த பாக் விரிகுடாவில்தான் அறிவித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பெண் கடல், ஆண் கடல்

ராமேசுவரத்துக்கு டூர் போனவர்கள் கைடு சொல்லக் கேட்டிருப்பார்கள். வடக்கே இருக்கும் பாக் விரிகுடா 'பெண் கடல்'. தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா 'ஆண் கடல்'. ஒன்று குளம் மாதிரி கிடக்கும், இன்னொன்று முட்டி மோதும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இந்த ஆண், பெண் கணக்கு வருஷம் முழுக்கச் செல்லுபடியாகாது. வாடைக்காற்று காலத்தில் பாக் விரிகுடாதான் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடா அடங்கி இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் நேர் எதிர். அதைப் பார்த்துத்தான் பாம்பன், ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் பலர் சீசனுக்கு ஒரு கடல் என்று படகை மாற்றிக்கொள்கிறார்கள்.

இரண்டு கடலுக்கும் நடுவே ஒரு சுவர் மாதிரி நிற்பது ராமேசுவரம் தீவு, அதைத் தொடர்ந்து தலைமன்னார் வரை போகும் ராமர் பாலம் என்கிற மணல் திட்டுகள். இந்தச் சுவரில் ஓட்டைகள் குறைவு. ஒன்று, மண்டபத்துக்கும் ராமேசுவரம் தீவுக்கும் நடுவே சுமார் 2 கிலோ மீட்டர் அகலத்தில் இருக்கும் பாம்பன் கால்வாய். 1914-ல் பழைய ரெயில் பாலத்தைக் கட்டியதும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப்பாலம் நிற்பதும் இதன் மேல்தான். மற்றது ராமர் பால மணல் திட்டுகளுக்கு இடையே ஆங்காங்கே இருக்கும் ஆழம் குறைந்த இடைவெளிகள்.

ஆக மன்னார் வளைகுடா என்பது ஒரு பை மாதிரி. தெற்கே வாய் அகலமாகத் திறந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். வடக்கே அடிப்பக்கம் தைத்திருக்கிறது, தையலில் இரண்டு மூன்று ஓட்டை. இப்படி மூன்று பக்கம் அடைபட்ட கடலில் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது என்பதுதான் விஷயமே.

வடகிழக்குப் பருவத்தில் பாக் விரிகுடா தண்ணீர் பாம்பன் ஓட்டை வழியாகத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் இறங்குகிறது. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா தண்ணீர் வடக்கே ஏறுகிறது. குறுகலான இடம் என்பதால் பாம்பனில் இழுப்பு அதிகம். அங்கே கப்பல்களை பைலட் வைத்து, நேரம் பார்த்துத்தான் கடக்க விடுகிறார்கள்.

ஏற்காடு ஏரியில் ஒரு பாடம்

காற்று அடித்தால் கடல் ஏன் ஓட வேண்டும்? இதற்குக் கடலுக்குப் போக வேண்டாம். ஏற்காடு படகு இல்லம் போதும்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் ஏரியில் மிதக்கும் சருகு, இலை எல்லாம் ஒரு பக்கக் கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். மேல்தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு போய் அந்தக் கரையில் குவிக்கிறது. குவிந்த தண்ணீர் அங்கேயே மலையாக நிற்க முடியாதே? அடி வழியாக எதிர்ப்பக்கம் திரும்புகிறது. மேலே ஒரு ஓட்டம், கீழே ஒரு ஓட்டம்.

கடலில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பூமி சுற்றுவதால், நம்ம வடக்குப் பாதி உலகத்தில் ஓடும் தண்ணீர் காற்றடிக்கும் திசைக்கு வலது பக்கமாக ஒதுங்கும். ஏரியில் இது தெரியாது, ஏரி அவ்வளவு சின்னது. நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் ஓடும்போது தெரிந்துவிடும்.

வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து தென்மேற்காக வீசும்போது, வலது பக்கம் என்பது தமிழகக் கரை. தண்ணீர் கரையில் வந்து அண்டுகிறது. ஆற்று வெள்ளமும் சேர்ந்து கரையோரக் கடல்மட்டம் கொஞ்சம் உயர்கிறது. அந்த உயரம்தான் நீரோட்டத்தைத் தெற்கே தள்ளுகிறது.

தென்மேற்குக் காற்று கன்னியாகுமரியில் இருந்து தூத்துக்குடி நோக்கி, கரைக்கு இணையாக வீசும்போது வலது பக்கம் என்பது நடுக்கடல். மேல்தண்ணீர் கரையை விட்டு விலகிப் போகிறது. காலியான இடத்தை நிரப்ப அடியில் இருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அந்தக் காற்று எவ்வளவு பலம் என்பதற்கு சாட்சி, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள். மலை இடைவெளியில் புகுந்து பாயும் அந்தக் காற்றுதான் கடலையும் கலக்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கன்னியாகுமரிக்குத் தெற்கே சுற்றியுள்ள கடலைவிடக் குளிர்ந்த ஒரு கடல் துண்டு தனியாகத் தெரிவதை செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம்.

அடித்தண்ணீர் சத்து நிறைந்தது. செத்து மக்கிய எல்லாம் கீழேதானே தங்கும்? அது மேலே வந்து வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். பாசியைத் தின்ன சாளை வரும். சாளையைத் தின்ன பெரிய மீன் வரும். சேலம் மார்க்கெட்டில் இருந்து ஏற்காட்டுக்கு ஏறி வரும் கடல் மீனில், தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கத்து மீன் இருந்தால், அதில் முப்பந்தல் காற்றுக்கும் பங்கு உண்டு.

கொச்சியில் மூழ்கியது, குமரியில் ஒதுங்கியது

நீரோட்டம் என்றால் கண்ணுக்குத் தெரியாதது என்று நினைப்பவர்களுக்கு 2025 ஒரு பாடம் நடத்தியது.

அந்த ஆண்டு மே 25-ந்தேதி எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில், கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதில் 640 கண்டெய்னர்கள். சிலவற்றில் பிளாஸ்டிக் குருணை மூட்டை மூட்டையாக இருந்தது. பக்கெட், நாற்காலி எல்லாம் செய்வதற்கு மூலப்பொருளாகப் போகும் பயறு அளவு வெள்ளை உருண்டைகள் அவை. கொஞ்ச நாளில் திருவனந்தபுரம் கடற்கரையில் ஒதுங்கின. பிறகு கன்னியாகுமரி. பிறகு மூலை திரும்பி மன்னார் வளைகுடாவுக்குள் புகுந்து, ஜூனில் தனுஷ்கோடி மணலிலும் வெள்ளை உருண்டைகள் கிடந்தன.

கொச்சிக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே மேற்குத்தொடர்ச்சி மலையே நிற்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடி, குமரியைச் சுற்றிக் கிழக்கே திரும்பும். குருணைகள் அந்தப் பஸ்சில்தான் ஏறி வந்தன. இதே கப்பல் டிசம்பரில் மூழ்கியிருந்தால்? அப்போது கேரள நீரோட்டம் வடக்கே ஓடும். குருணைகள் பெரும்பாலும் கோழிக்கோடு, மங்களூர் திசைக்குப் போயிருக்கும். எந்த மாதத்தில் விழுந்தது என்பதை வைத்து எந்த ஊருக்குத் துன்பம் என்பது தீர்மானமாகிறது.

இதற்கு 4 வருஷம் முன்னால், 2021 மே 20-ந்தேதி கொழும்பு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்து, பிறகு மூழ்கியது. அதில் இருந்தது சுமார் 1,680 டன் குருணை. நீர்கொழும்பு தொடங்கி இலங்கையின் மேற்குக் கரை நெடுக வெள்ளைப் பனி பெய்தது மாதிரி கிடந்ததை டி.வி.யில் பலர் பார்த்திருப்பார்கள். மன்னார் வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. குருணை மக்காது, அழியாது. மீன் முட்டை என்று நினைத்து மீனும் பறவையும் விழுங்கிவிடும் என்பதுதான் பெரிய கவலை.

பைக்குள் விழுந்தால் சீக்கிரம் வெளியே வராது

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாகவும், 1989-ல் 10 ஆயிரத்து 500 சதுர கிலோ மீட்டரை உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்தார்கள். இந்த 21-ல் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் ஏற்கனவே தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றி இருந்த பவளப்பாறையை சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் நீரோட்டம் மணலை அரித்துவிட்டது.

பவளத்துக்கு நீரோட்டம் என்பது மின்விசிறி மாதிரி. ஓடிக்கொண்டே இருந்தால் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பருவக்காற்று போய் அடுத்தது வராத இடைவெளியில், காற்று அடங்கி நீரோட்டமும் மந்தமாகிவிடும். வெயில் மட்டும் குறையாது. மேல்தண்ணீர் சூடேறி 31, 32 டிகிரியைத் தொட்டு அப்படியே சில வாரம் நின்றால், பவளம் தன்னோடு ஒட்டி வாழும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப் போகிறது. 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் இங்கே அப்படி நடந்தது. பருவக்காற்று சீக்கிரம் வந்தால் பிழைக்கும், தாமதமானால் சாகும். நம்ம விவசாயிகள் மட்டும்தான் தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

2019 செப்டம்பரில் வேறு ஒரு கூத்து நடந்தது. பாம்பன், மண்டபம் பக்கம் கடல் திடீரென்று பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. மீனவர்கள் இதைப் 'பூங்கோரை' என்கிறார்கள். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் கணக்கில்லாமல் பெருகி, பிறகு அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. மூச்சுவிட வழியில்லாத மீன் மிதக்கிறது. சத்து அதிகமாகி, ஓட்டம் குறைந்த தண்ணீர் இதற்கு வசதியான இடம்.

பாம்பன் ஓட்டை வழியாக வேண்டாத விருந்தாளியும் வருவதுண்டு. 2000-களின் தொடக்கத்தில் பாக் விரிகுடா பக்கம் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடல்பாசியை மூங்கில் தெப்பத்தில் வளர்க்க ஆரம்பித்தார்கள். கடலோரப் பெண்கள் பலருக்கு அதில் வருமானம் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2008-ல் அந்தப் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடை தீவில் பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டு வளர்வது தெரியவந்தது. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாக வளரக்கூடியது அது. துண்டுகளை நீரோட்டம் இந்தப் பக்கம் கொண்டு வந்து சேர்த்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று.

ஓட்டையைப் பெரிதாக்கினால்?

2005 ஜூலை 2-ந்தேதி மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேது சமுத்திரத் திட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 167 கிலோ மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழத்தில் கப்பல் கால்வாய் தோண்டுவதாகத் திட்டம். 2007-ல் ராமர் பாலப் பகுதியில் தோண்டுவதற்கு சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. அதன் பிறகு வேலை நின்றுபோனது.

அரசியலும் கோவில் விவகாரமும்தான் அன்றைக்குப் பெரிதாகப் பேசப்பட்டன. கடல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் கேட்ட கேள்வி அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போனது. பைத் தையலில் 300 மீட்டர் அகலத்துக்குப் புது ஓட்டை போட்டால், வண்டல் கலந்த பாக் விரிகுடா தண்ணீர் எவ்வளவு மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கும்? தெளிந்த தண்ணீர் கேட்கும் பவளத்தின் மேல் சேறு படிந்தால் என்ன ஆகும்? தோண்டிய கால்வாயையே நீரோட்டம் மறுபடி மணல் போட்டு மூடிவிடாதா? கேள்விகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

எஞ்சின் நின்றால் எல்லை தாண்டும் படகு

இதில் மனுஷ உயிரும் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974-ல் பாக் நீரிணையிலும் 1976-ல் மன்னார் வளைகுடாவிலும் கடல் எல்லைக்கோடு போட்டன. வரைபடத்தில் கோடு இருக்கிறது. தண்ணீரில் இல்லை. சில இடங்களில் நம்ம கரையில் இருந்து சில மணி நேரத்தில் எல்லை வந்துவிடும். நடுராத்திரியில் எஞ்சின் பழுதாகி நின்றால், படகு நீரோட்டம் இழுக்கும் பக்கம் போகும். மணிக்கு ஒரு கிலோ மீட்டர் என்றாலும் விடிவதற்குள் ஆறேழு கிலோ மீட்டர். எல்லை தாண்டும் படகு எல்லாமே இப்படித்தான் போகிறது என்று சொல்ல முடியாது, மீனைத் தேடிப் போவதும் உண்டு. ஆனால் நீவாடு தெரிந்தவன் அந்த ராத்திரியில் நங்கூரம் போடுவதா, பாய் கட்டுவதா என்று யோசிப்பான்.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம், அலை, காற்று, நீரோட்டம், மீன் கிடைக்கும் இடம் என்று மீனவர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. சென்னை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலில் மிதவைகளும், கரையில் நீரோட்டத்தை அளக்கும் ரேடாரும் வைத்திருக்கிறது. ரேடார் அலையைக் கடல் மேல் அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து மேல்தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். மீன் ஆராய்ச்சிக்கு இந்தப் பகுதி ரொம்பப் பழைய இடம். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமே பல வருஷம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971-ல்தான் தலைமையகம் கொச்சிக்கு மாறியது.

அரிச்சல்முனையில் இறங்காதீங்க

ஏற்காடு, சேலம் பக்கத்தில் இருந்து வேன் பிடித்து ராமேசுவரம் போகிறவர்கள் தனுஷ்கோடியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1964 டிசம்பர் 22, 23 ராத்திரியில் புயல் கொண்டுபோன ஊர் அது, பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரெயிலோடு சேர்த்து. அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். பெண் கடல் பக்கம் முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கத் தோன்றும்.

அங்கேதான் ஆபத்து. இரண்டு கடலின் ஓட்டமும் முனையில் ஒன்றை ஒன்று உரசிக்கொள்ளும் இடம் அது. நீரோட்டம் மணலைத் தினமும் மாற்றிப் போடுகிறது. நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று கழுத்தளவு இருக்கலாம். மேலே அலையே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். பொதுவாக எந்தக் கடற்கரையிலும் உள்ளே இழுத்தால், இழுப்பை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பில் இருந்து வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் இறங்கவே கூடாது. ஏற்காடு ஏரியில் பழகிய நீச்சல் இங்கே உதவாது.

அப்படியானால் தலைப்பில் கேட்ட கேள்வி? போகும். செம்மநத்தம் ஓடையில் ஓடுகிற தண்ணீர் முழுசாகப் போகாது, அதிலும் பெரும்பங்கு இலங்கையைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். மிச்சத்தில் ஒரு துளி பாம்பன் பாலத்துக்குக் கீழே போகும். தண்ணீர் பாக்கெட் கவர் ஒன்றை ஜூனில் ஓடையில் போட்டால் அது வழியில் எங்காவது முள்ளில் மாட்டிக் கிடக்கும். அல்லது கடலுக்கே போனாலும் அப்போது கிழக்குக் கரையில் தெண்டி, வடக்கே போய்விடும். நவம்பரில் போட்டால் கதை வேறு. அது வண்ணி ஓடுகிற மாதம்.